இன்னும் நாலு

கொக்குவிலில், பெயின்ற் கடைக்கு மேல்மாடி.
மாலை ஐந்தேகால்.
படியில் பதினொரு சோடிச் செருப்பு.
உள்ளே பதினொரு பேர்
என் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள்,
எண் எப்போது முடியுமென்று.

என் தொழிலில் பாதி பொய்.
"கடைசி நாலு" என்பேன்.
நாலும் முடியும்.
"இன்னும் நாலு" என்பேன்.
தொடை நடுங்கும். முகம் கோணும்.
யாரோ "அம்மாளாச்சி" என்பார்.
முதல் நாலு வெறும் படலை,
அதைத் திறந்துகொண்டு போனால்தான் வளவு.
டிப்ளோமாவில் இதை வேறு சொற்களில் படித்தேன்.

கல்யாணத் தரகர் என் குறிப்பில்
தொழில்: ஆசிரியை என்று எழுதினார்.
என்ன பாடம் எண்டு கேட்டால்
விஞ்ஞானம் எண்டு சொல்லட்டாம்.
நாரி, முழங்கால், மூச்சு.
ஓம், சொல்லலாம்தான்.

ரத்தினேஸ்வரி முதல்நாள்
வீட்டிலிருந்து பனையோலைப் பாய் கொண்டுவந்தார்.
போகும்போது அவர் முழங்கையில்
பின்னல் அப்படியே பதிந்திருந்தது.
இப்போது மகன் வாங்கிக் கொடுத்த நீல விரிப்பு.
வழுக்குதாம்.

புஸ்பகாந்தி,
வங்கியில் இருபத்தாறு வருடம் காசாளர்,
ஒருநாளும் ஒரு ரூபா பிசகாதவர்,
குந்தி எழும்பும்போதே கணக்குக் கேட்பார்:
"பிள்ளை, பதினாறு எண்டு தொடங்கினீர்.
இது இருபத்திரண்டு."
"அப்ப இன்னும் ரெண்டு தாங்கோ,
இருபத்திநாலா முடிப்பம்."
தந்தார்.
முறைத்தபடி.

சேரும்போது ஒரு படிவம் உண்டு.
சீனி, பிறசர், பிள்ளைப்பேறு, பழைய முறிவு.
ஏழாவது கேள்வி:
உடம்பில் உலோகம் ஏதும் உள்ளதா?
கொழுப்பு அளக்கும் தராசோடு வந்த கேள்வி.
எங்கோ ஒரு குளிர்நாட்டில்
இதயத்துக்குக் கருவி வைத்தவர்களை
நினைத்து எழுதியிருப்பார்கள்.
இங்கே பேனா அந்த இடத்தில் நிற்கிறது.
"சின்னன் எண்டாலும் எழுதவோ?"
இதுவரை மூன்று பேர் கேட்டுவிட்டார்கள்.
றெஜினா கேட்கவில்லை. எழுதினார்:
இரண்டு. ஒன்று வலத்தோள்.
மற்றது எங்கை எண்டு தெரியாது.

அந்தக் கை காதுக்கு மேலே போகாது.
எல்லோரும் இரண்டு கையையும் உயர்த்தும்போது
றெஜினா இடக்கையை மட்டும் உயர்த்தி
வலக்கையால் இடுப்பைப் பிடிப்பார்.
நான் அவருக்கென்று வெட்டித் தைத்த அசைவு.
மூன்றாம் கிழமை பார்க்கிறேன்,
பின்வரிசை முழுக்க அதையே செய்கிறது.
அதுதான் வடிவாம்.
நான் திருத்தவில்லை.

ஆடியில் ஒரு செவ்வாய்.
சோளகம் யன்னலைப் போட்டு அடிக்கிறது.
காலையில் முற்றவெளியில்
கச்சேரி உத்தியோகத்தரை ஓடவிட்டுக் கத்தியதில்
எனக்குத் தொண்டை கட்டிவிட்டது.
நடுவில் கரண்டும் போனது.
ஸ்பீக்கர் செத்த அமைதியில்
பதினொரு மூச்சு தனித்தனியாகக் கேட்டது.
புஸ்பகாந்தியைப் பார்த்துக் கையைக் காட்டினேன்:
நீங்கள் எண்ணுங்கோ.

எண்ணினார்.
நோட்டுக்கட்டைப் பிரித்த குரல்,
ஈரம் தொட்ட விரல்போல ஒவ்வொன்றாக.
பதினாலு.
பதினைஞ்சு.
பதினாறு.
"முடிஞ்சுது" என்றார்.
அத்தனை நேர்மையாக
அந்த மண்டபத்தில் எதுவும் முடிந்ததில்லை.

யாரும் நிமிரவில்லை.
மடித்த முழங்காலோடு, வியர்வை சொட்ட,
பழக்கத்தில் என் வாயைப் பார்த்தார்கள்.
என்னிடம் குரல் இல்லை.
பின்னாலிருந்து றெஜினா,
மெதுவாக, கொஞ்சம் வெட்கத்தோடு:
"இன்னும் நாலு."

புஸ்பகாந்தி திரும்பிப் பார்த்தார்.
"இதை நான் வேறை கணக்கிலைதான் போடுவன்"
என்றுவிட்டுத் தொடங்கினார்.

கீழே பெயின்ற் வாளிகள் குலுங்க
முதலாளி தும்புத்தடியால்
எங்கள் தரையை, தன் கூரையை, இடித்தார்.
ஒன்று.
இரண்டு.
மூன்று.

குந்தியபடியே
நாலாவதற்குக் காத்து நின்றோம்.