விதிவிலக்கு

சிம்பாங் தீகாவில் இப்போது
குணாளன் இல்லாத இடமே இல்லை.

ஹாட்ஜாய் சந்தையில்
பலாச்சுளை வாங்கிக்கொண்டிருந்தானாம்.
தைப்பூசத்தன்று மொட்டையும் சந்தனமுமாய்ப்
பால்குடக் கூட்டத்தோடு படியேறினானாம்.
திருச்சிக்குப் போன விமானத்தில்
பின்னிருக்கைக் குறட்டை அவனுடையதுதான் என்று
சத்தியம் செய்கிறார் முடிவெட்டும் பரஞ்சோதி.
"எங்கயும் போகல, செம்பனைக்குள்ளதான் இருக்கான்.
பன்னண்டாம் நம்பர் காட்டுல
ராத்திரி பீடி நெருப்பு தெரியுது லா"
என்கிறான் குலை அறுக்கும் தேவா.
குணாளன் பீடி குடித்து நான் பார்த்ததில்லை.

தோட்டம் கைமாறியபோது
லயத்தை விட்டு இறங்கியவர்கள்
வீடு கட்டவென்று சேர்த்த பணம்.
நூற்றுப் பதினெட்டுக் குடும்பம்.
ரசீதுப் புத்தகத்தில் என் பெயர் அறுபத்திரண்டாவது,
மூவாயிரத்து நானூறு வெள்ளி.
அவன் கையெழுத்து
பள்ளிப்பிள்ளை எழுதியதுபோல் உருண்டு அழகாயிருக்கும்.

அவனைப் பேசி அலுத்தவர்கள்
அவன் வீட்டாரைப் பேசுவார்கள்.
பெண்டாட்டிக்குத் தெரியாமலா?
தெரிந்தும் சொல்லாவிட்டால் அவளையும் உள்ளே தள்ளலாம்.
தள்ள முடியாது, சம்சாரத்தை யார் சாட்சிக்குக் கூப்பிடுவது?
வீட்டை ஏலம் போடலாம். நகையை?
தாலியைத் தொட முடியாது.
அதெல்லாம் இந்தியாவில்.
ஒரு ரொட்டி சானாய் ஆறுவதற்குள்
ஐந்து தீர்ப்பு.

நான் மாஜிஸ்திரேட் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளன்,
இருபத்தோரு வருஷமாய்.
ஒருவர் வாயில் பிறந்ததை
இன்னொருவர் காதில் இறக்கிவைப்பவன்.

அன்று ஜாமீன்காரனை அழைத்தார்கள்.
மேகலாவின் தம்பி, லோரி ஓட்டும் சுகுமாறன்.
எட்டாயிரம் வெள்ளியை ஏன் பறிமுதல் செய்யக்கூடாது,
காரணம் காட்டு.
மலாயில் அது ஒரே மூச்சு.
தமிழில் நான் மூன்றாக உடைத்துக் கொடுத்தும்
அவன் என்னையே பார்த்தான்,
பணத்தைக் கேட்பவன் நான்தான் என்பதுபோல்.
"அக்கா அழுதுச்சு, கையெழுத்துப் போட்டேன்."
மொழிபெயர்த்தேன்.
அழுகைக்கு மலாயில் சொல் உண்டு.
காரணமாக அது பதிவாகவில்லை.

இடைவேளையில், கழிவறைப் பக்கத்து நடையில்
அவர்கள் மகள் ஷாமினி வந்து நின்றாள்.
ஆறாம் படிவச் சீருடை.
வெள்ளைச் சப்பாத்தின் ஓரமெல்லாம் ஈரச் செம்மண்.
புத்தகப் பையின் பக்கப் பைக்குள்
கொசுவர்த்திப் பெட்டி ஒன்று
பாதி தலைநீட்டிக்கொண்டிருந்தது.

"அங்கிள், ஒளிச்சு வச்சாலும் குத்தமில்லன்னு
பெண்டாட்டிக்கு ஏதோ விதிவிலக்கு இருக்காமே?"
ஆமாம் என்றேன்.
புருஷனுக்கும் உண்டு என்றேன்.
சப்பாத்து நுனியைத் தரையில் தேய்த்தாள்.

"மகளுக்கு?"

மேலே மின்விசிறி கரகரத்தது.
"எனக்கு மொழிதாம்மா தெரியும்,
சட்டம் தெரியாது" என்றேன்.
பொய். அந்தப் பிரிவை
மனப்பாடமாய்ச் சொல்வேன், இரண்டு மொழியிலும்.
மகளுக்கு இல்லை.

சாயங்காலம் கடையில் தே ஓ வந்தது.
பரஞ்சோதி நாற்காலியை இழுத்துப் போட்டார்.
"கோர்ட்டுல என்ன பேசிக்கிறாங்க? ஆளு எங்கயாம்?"
தேவா பன்னிரண்டாம் நம்பர் காட்டை
மறுபடி ஆரம்பித்தான்.
இன்றைக்கு நாலு பேர் டார்ச்சோடு
போய்ப் பார்க்கலாம் என்றான்.
நான் குவளையைக் கீழே வைத்தேன்.

"மேடான்ல இருக்கான்.
கோழிப்பண்ணை வச்சிருக்கானாம்."

உடனே நம்பினார்கள்.
சொந்தமாய் ஒரு வார்த்தை
என் வாயிலிருந்து அவர்கள் கேட்டதில்லையே.
பண்ணையில் எத்தனை கோழி என்றுகூடக் கேட்டார் பரஞ்சோதி.
ஆறாயிரம் என்றேன்.

வீடு சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது.
அடுக்களையில் இரண்டு இடத்தில் ஒழுகியது,
வாளி வைத்தேன்.
மூவாயிரத்து நானூறு வெள்ளிக்கு
பாதிக் கூரையாவது மாற்றியிருக்கலாம்.
கொசுவர்த்தி நனைந்தால்
பற்றாது.