வலக்கைக் கம்பு

மடக்கினால் அறுபத்து நாலு சென்டிமீட்டர்.
பெட்டியின் உள்ளுயரம் ஐம்பத்து இரண்டு.
ராத்திரி பதினொன்றிலிருந்து
இந்தப் பன்னிரண்டு சென்டிமீட்டரோடு மல்லுக்கட்டு.

மூலைக்கு மூலை சாய்த்தாலும்
ஒரு விரல் வெளியே நிற்கிறது.
பிளாஸ்கை எடுத்தேன், மழைக்கோட்டை எடுத்தேன்,
கம்பு அசையவில்லை.

கையில் கொண்டுபோகக் கூடாதாம்.
"முனை கூர்மை மேடம்" என்றாள்
விமானக் கம்பெனிப் பெண்.
முட்டுவலிக்காரியின் ஆயுதம்.

வாங்கியது இரண்டு பேர் சேர்ந்து.
குலசேகரம் சொசைட்டியில்
ரப்பர் ஷீட்டை எடை போடுவாள் ரெத்தினபாய்,
பில் எழுதுவேன் நான்.
பதினாறு வருஷம் ஒரே தராசின் இரு பக்கம்.
இமயமலையில் ஆறு நாள் நடக்க வேண்டும் என்று
யார் முதலில் சொன்னது என்பதில்
இன்னும் வழக்கு இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமைகளில் மருந்துவாழ்மலை.
பட்டையில் இடம், வலம் என்று பொறித்திருக்கும்.
இடம் எனக்கு, வலம் அவளுக்கு.
பொற்றையடியில் ஒருவர் கேட்டார்:
"பாம்பு பிடிக்கவாக்கும்?"
"இல்ல ஓய், கெணத்துல விழுந்த வாளி எடுக்க"
என்றாள் ரெத்தினபாய், மூச்சு வாங்காமல்.
மேலே ஒரு குரங்கு என் கம்பைப் பிடித்து இழுத்தது.
இவள் தன் கம்பைத் தரையில் ஒரு தட்டு.
குரங்கு, தணிக்கை அதிகாரியைப் பார்த்ததுபோல்
எழுந்து போனது.

அப்புறம் நிஜமாகவே தணிக்கை வந்தது,
சரியாக அந்த ஆறு நாளில்.
இரண்டு பேரில் ஒருத்தி இருந்தே ஆகணும்.
சீட்டுக் குலுக்கினோம்.
என்றைக்கும் எழுதுவது நான்,
அன்றைக்கு அவள் எழுதினாள்.
என் பேர் வந்தது.
சாயங்காலம் குப்பைக்கூடையில்
கசங்கிக் கிடந்தது மற்ற சீட்டு.
அதிலும் என் பேர்.

நான் ஒன்றும் கேட்கவில்லை.
அவளும் பேசவில்லை.
புகைப்புரையிலிருந்து ஒரு ஷீட் துண்டு கொண்டுவந்து
இரண்டு கம்பின் முனையிலும் சுற்றிக் கட்டினாள்.
"கூர்மை கூர்மைன்னாளே, இப்ப குத்தட்டு பாப்போம்."
பெட்டியைத் திறந்தால்
துணியெல்லாம் ரப்பர் புகை மணக்கிறது.
டேராடூன் விமான நிலையத்து நாய்
என்ன நினைக்குமோ.

ஒரு மணிக்கு போன் செய்தேன்.
முதல் மணியிலேயே எடுத்தாள்.
"கொள்ளல்ல ரெத்தினம்."
"எதுக்குக் கெடந்து தள்ளுதே? திருகிக் கழத்து, மேபல்."

திருகினேன்.
மூன்று துண்டாக வந்தது, அவ்வளவு சுலபமாக.
இரண்டு கம்பும் படுத்துக்கொண்டன,
பக்கத்தில் பிளாஸ்குக்கும் இடம்.
பெட்டி பதினாலு கிலோ எண்ணூறு.
அனுமதி பதினைந்து.

பூட்டினேன்.
திரும்பத் திறந்தேன்.

மூன்றரைக்கு டாக்சி.
"திருவரம்பு வழியா போகணும் தம்பி, ஒரு நிமிஷம்தான்."
அவள் வீட்டு கேட்டில்
வலக்கைக் கம்பைப் பூட்டி நீட்டி மாட்டினேன்.
நாய் குரைக்கவில்லை,
ரப்பர் மணம் அதற்குப் பழக்கம்.
உள்ளே அடுக்களையில் விளக்கு எரிந்தது.
ஓடிவந்து ஏறிக்கொண்டேன்,
ஐம்பத்தொரு வயசில், முட்டுவலியோடு.

மார்த்தாண்டம் பாலத்தில் முதல் செய்தி:
"எட்டீ, இது என்ன கூத்து?"
குழித்துறையில் இரண்டாவது:
"ஒத்தக் கம்பு வச்சு எறங்கினா முட்டு போயிரும்.
வண்டியத் திருப்பு."
படந்தாலுமூட்டில் போனே அடித்தது.
எடுக்கவில்லை.
டிரைவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
"எடுங்கக்கா, அவசரமா இருக்கும்."
"அவசரம் ஒண்ணும் இல்ல தம்பி.
கம்பு கிட்டியிருக்கு, அவ்வளவுதான்."

களியக்காவிளை வந்தது.
சோதனைச்சாவடியில் யாரும் கை காட்டவில்லை.
டிக்கியில், ஒவ்வொரு குழிக்கும்,
பெட்டிக்குள் மூன்று துண்டும்
ஒன்றையொன்று தட்டிக்கொண்டன.
போன் இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.