சீமாட்டியின் கணக்கு

எங்கள் மலையில் நெல் இல்லை.
வைக்கோல் லொறியில் வரும்,
மகியங்கனை வயல் வெயிலைக்
கயிறு போட்டுக் கட்டிக்கொண்டு.
ஜயசுந்தர ஹோர்ன் அடிக்குமுன்னே
என் மாட்டுக்குத் தெரிந்துவிடும்.

கட்டு நானூறு.
கையிலிருந்த காசுக்கு ஏழு, கடனுக்கு ஒன்பது.
கொப்பியில் சிங்களத்தில் எழுதுவான்.
அது என் பெயர்தானா, நான் அறியேன்.

பதினாறு கட்டும் தை வரைக்கும் காண வேண்டும்.
இதற்குள் வருவார்கள்:
லோகாம்பாளுக்குக் கோழி அடைவைக்க,
மருதவீரனுக்கு லீக்ஸ் பாத்தி மூட,
பன்றி விரட்டும் வெருளிக்கு வயிறு வைக்க.
மாசி பிறந்தால் காமன் கம்பத்துக்குப் பிரி திரிக்க;
அதற்கு மட்டும் நானே எடுத்துக் கொடுப்பேன், சாமி காரியம்.
"ஒரு பிடிதானேக்கா" என்பார்கள்.
மாடும் ஒரு பிடி ஒரு பிடியாகத்தான் தின்கிறது.

கார்த்திகையில் ஒரு ராத்திரி
கீழ் லயத்துக்குப் பின்னால் மேடு இறங்கியது.
இடி மாதிரி இல்லை.
யாரோ பெரிய சாக்கை இழுத்துப்போவது மாதிரி.
ஆறு காம்பரா.
ஆள் சேதமில்லை என்றது ரேடியோ.
செல்லமுத்துவின் வலது கை
ஆளில் சேர்த்தியில்லை போல.

பள்ளிக்கூட மண்டபத்தில் நாற்பத்திரண்டு பேர்,
சீமெந்துத் தரை,
ஒன்பது பாய்.
கிராம சேவகர் பெயர் எழுதிக்கொண்டு போனார்.
என்னிடம் யாரும் ஒன்றும் கேட்கவில்லை.
கேட்டிருந்தால் இல்லையென்று சொல்லியிருப்பேன்.
கேட்காததால் கொட்டிலைத் திறக்க வேண்டியதாயிற்று.

உரச்சாக்குகளில் திணித்தோம்.
பிள்ளை பெற்றுப் பதினோரு நாளான திலகேஸ்வரிக்கு
இரண்டு சாக்கு.
படுத்தவள் சொன்னாள்: "குத்துது."
கொஞ்சம் கழித்து, தூக்கத்தில் போல:
"சூடாத்தான் இருக்கு."

ஒன்பது இரவு.
சீமாட்டி மானாப்புல்லை மென்று துப்பினாள்.
பால் அரைப்போத்தலுக்கு இறங்கியது.
கட்டுத்தறியில் நின்றபடி
பள்ளிக்கூடப் பக்கம் பார்த்துக் கத்துவாள்.
வெட்கமாயிருக்கும் எனக்கு.

கூடாரம் வந்தது. சாக்குகள் திரும்பின,
அமுங்கி, பிள்ளை மூத்திரம், தைலம்,
தாய்ப்பால் புளித்த வாசத்தோடு.
வெயிலில் விரித்துப் பிடிபிடியாய் உதறினேன்;
மாட்டின் வயிற்றுக்குள் ஊக்கு போனால் யார் பார்ப்பது?
மூன்று ஊக்கு. ஒற்றைத் தோடு.
மாத்திரை அட்டை.
அப்புறம், அரிசியளவில், ஒரு பால்பல்.

சீமாட்டி மோந்தாள், தும்மினாள்.
பிறகு தின்றாள்.

தோட்டுக்கு ஆள் வந்தது. பல்லுக்கு வரவில்லை.
மண்டபத்தில் பல் விழுந்த பிள்ளைகள் நாலைந்து;
எல்லாம் வாயைத் திறந்து காட்டின,
எல்லாருக்கும் ஓட்டை.

கூடாரச் சீலையில் எறிந்தால் வழுக்கி விழும்.
அதனால் சீமாட்டியின் சாணியில் உருட்டி
என் கொட்டில் தகரத்தின்மேல் எறிந்தேன்.
ஒட்டிக்கொண்டது.

அடுத்த லொறிக்கு இன்னும் பணம் சேரவில்லை.