இரண்டாம் மாடி

மஞ்சள் ஏலம் முடிந்து பணம் கைக்கு வந்ததும்
வருசத்துக்கு ஒருதரம் ஈரோட்டுக்குக் கூட்டிப்போவார் அப்பா.
அரச்சலூரில் ஏறியதிலிருந்து
ஜன்னலோரத்துக்கு அண்ணனோடு சண்டை.
மணிக்கூண்டு தெரிந்ததும் தானாக நின்றுவிடும்.

வெள்ளியங்கிரி ஸ்டோர்ஸ்.
கீழே துணிமணி, முதல் மாடியில் பாத்திரம்,
இரண்டாம் மாடியில் 'மற்றதெல்லாம்'.
அப்படித்தான் போர்டில் எழுதியிருக்கும்.
குடை, பொம்மை, பிளாஸ்க், சூட்கேஸ்,
எங்கள் பக்கத்தில் யாருமே ஆடாத
டென்னிஸுக்கு ஒரு மட்டை,
வருசா வருசம் அதே ஆணியில்.

கையைப் பின்னால் கட்டிக்கொண்டே நடப்பார் அப்பா.
ரேகைக்குள் ஏறிய மஞ்சள்
வெள்ளைச் சட்டைகளில் ஒட்டிவிடுமாம்.
கல்லாவில் இருப்பவர் நோட்டை மோந்து பார்த்து
"இந்த வருசம் என்ன ரேட்டுங்க?" என்பார்.

முதல்முறை நிஜமாகவே தொலைந்தேன்.
அழுதுகொண்டிருந்தவளை ஒரு அக்கா
மைக் மேஜைமேல் தூக்கி உட்கார வைத்து,
விளையாட கார்பன் தாள் ஒன்றைக் கொடுத்துவிட்டு
மூன்று தளத்துக்கும் கேட்கச் சொன்னாள்:
"அரச்சலூர் துளசிமணி இங்க பத்திரமா இருக்குதுங்க.
காணாமப்போன அவங்கப்பா சென்னியப்பன்
எங்கிருந்தாலும் உடனே வரோணுங்க."

கடையே சிரித்தது.
அப்பா வந்தார், வேட்டி தடுக்க.
என் நீல விரல்களை அவர் மஞ்சள் கை பிடித்தது.
பச்சையாகும் என்று பார்த்தேன்.
ஆகவில்லை.

அடுத்த வருசமும் தொலைந்தேன். அதற்கடுத்ததும்.
சூட்கேஸ்களுக்குப் பின்னால் இடம் பார்த்து வைத்திருந்தேன்.
அவரும் பிளாஸ்க் வரிசை முன்னால் போய் நின்றுகொள்வார்,
வாங்கப்போவதில்லை என்று தெரிந்தே.
மைக் இரண்டு தடவை சொன்ன பிறகுதான் நகர்வார்.
ஏலத்தில்கூட அவருக்கு மூட்டை நம்பர்தான்.
சென்னியப்பன் என்று
அத்தனை பேருக்கு நடுவே யார் கூப்பிட்டார்கள்?
தெரிந்துதான் நின்றாரா, கேட்டதில்லை நான்.

கடையை எப்போது மூடினார்கள் என்று தெரியாது.
அப்போது நான் திருப்பூரில்,
சம்பளத்துக்குப் பனியன் எண்ணிக்கொண்டிருந்தேன்.

இப்போது அது ஸ்கேன் சென்டர்.
இரண்டாம் மாடி: எலும்பு, முதுகுத்தண்டு.
மாடிப்படிக் கைப்பிடியை மட்டும் மாற்றவில்லை.
டோக்கன் எண்பத்து நாலு.
பணம் கட்டிவிட்டுத் திரும்பினால்
நாற்காலியில் அப்பா இல்லை.

கழிப்பறை, லிஃப்ட், டீ மெஷின், எங்கேயும் இல்லை.
ஜெராக்ஸ் எடுக்கிற பையன்கூட எழுந்து தேடினான்.
"மைக்குல சொல்ல முடியுங்களா?" என்றேன்.
கவுன்டர் பெண் கண்ணாடிக்கு அந்தப் பக்கம்
உதடு அசைத்தாள்:
"மைக்கெல்லாம் இல்லீங்க்கா, ஸ்கிரீன்தான்."

எனக்கு அப்புறம்தான் உறைத்தது.
தெற்கு மூலைக்குப் போனேன்.
பிளாஸ்குகள் இருந்த இடத்தில்
கண்ணாடிப் பெட்டிக்குள் பிளாஸ்டிக் முதுகெலும்பு.
அதன் முன்னால் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
நின்றிருந்தார்.

திட்டத்தான் வாயெடுத்தேன்.
"எந்நேரமா நிக்கறேன்,
மைக்குல ஒண்ணுஞ் சொல்லக் காணமே கண்ணு?"

கையைப் பிடித்தேன்.
மஞ்சள் போய் வருசமாயிற்று,
ஊசி குத்திய இடத்தில் நீலம்.

ஸ்கிரீனில் தொண்ணூற்றொன்று ஓடிக்கொண்டிருந்தது.
மறுபடி டோக்கன் வாங்க வேண்டும்.
வாங்கிக்கொள்ளலாம்.