கோட்டுக்குக் கீழே

கத்தி தொலைந்தது ஒரு செவ்வாய்க்கிழமை.
நூற்றிப் பதினேழாவது மரத்தை வெட்டியது நினைவிருக்கிறது.
நூற்றிப் பதினெட்டின் முன்னால்
வலதுகை வெறுமனே நின்றது.
இடையில் ஒரு பன்றி ஓடியது.
நான் சறுக்கினேன், நெற்றி லைட் அணைந்து எரிந்தது.
அவ்வளவுதான் நடந்தது.

பொன்மனையில் எங்கள் தோட்டம் முழுக்கச் சரிவு,
கீழே சானல்.
இலையைக் காலால் தள்ளி, கம்பால் கிளறி,
பிறகு முட்டிக்கால் போட்டு
விடியும்வரை தேடினேன்.
மிச்ச மரங்கள் அன்றைக்குச் சும்மா நின்றன.

பத்தொன்பது வருஷம்.
தீட்டித் தீட்டி உதடு பாதியாகிப் போன கத்தி.
பிடியில் சுற்றியிருந்தது
மகன் முதலில் ஓட்டிய சைக்கிளின் டியூப்.
பட்டையில் எவ்வளவு போகணும், எங்கே நிற்கணும் என்று
அதற்கு நான் சொன்னதே இல்லை.

இனிச் சொல்வது யாரிடமும் சொல்லாதது.

அடுத்த பிளாக்கில் வெட்டுகிறவன் புதன் முர்மு.
ஜார்கண்டாம், அங்கே எந்த ஊர் என்று நான் கேட்டதில்லை.
விடிந்ததும் அவன் அந்த வழியாகத்தான் போயிருந்தான்.
அவன் சானலில் குளிக்க இறங்கிய நேரம்
ஷீட் அடிக்கிற ஷெட்டில் தொங்கிய பையைத் திறந்தேன்.
இரண்டு கத்தி. ஒரு சாணைக்கல்.
நாலாக மடித்த, ஏதோ பிள்ளையின் மார்க் ஷீட்.
இரண்டும் அவன் கத்திதான்.
மூடித் திரும்பினால்
தலை துவட்டியபடி நிற்கிறான்.
முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.
பையை எடுத்தான். போனான்.

குலசேகரத்தில் இரும்புக்கடை.
"கம்பெனி சாதனம் அக்கா,
எல்லாரும் இதத்தான் கொண்டு போறாவ."
நானூற்று இருபது ரூபாய், பச்சை பெயின்ட், வார்னிஷ் மணம்.
யார் வீட்டுப் பிள்ளையையோ தூக்கின மாதிரி
கைக்குள் முதுகை விறைத்துக்கொண்டு கிடந்தது.

முதல் மரத்திலேயே தடிக்கு ஏறிவிட்டது.
சிரட்டைக்குப் போக வேண்டிய பால்
கோடு தாண்டி வேர்வரை வழிந்தது.
மூன்றாவதில், ஏழாவதில்.
பிறகு எண்ணவில்லை.
மதியம் டென்னிசன் முதலாளி வந்து
காயத்தில் நகத்தை வைத்துப் பார்த்தார்.
"ஸ்டெல்லாபாய், மரத்துக்க எலும்பு தெரியுது."
அதோடு நிறுத்திக்கொண்டார்.
சம்பளத்தில் பிடித்திருந்தால் தூங்கியிருப்பேன்.

அடுத்த வெட்டுக்கு, இருட்டில்,
இன்னொரு லைட் என் பிளாக்குக்குள் ஏறி வந்தது.
முர்மு. கையை நீட்டினான்.
கத்தியைக் கொடுத்தேன்.
பெருவிரலை உதட்டின் மேல் ஓடவிட்டு
தெரிந்த தமிழில் சொன்னான்:
"புதுசு. கோபம் ஜாஸ்தி."
கத்தியையா சொன்னாய் என்று நான் கேட்கவில்லை.
சாணைக்கல்லில் எச்சில் தொட்டு
வெளிப்பக்கம் நாலு இழுப்பு, உள்ளே ஒன்று.
வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தான். உள்ளே இன்னொன்று.

மன்னிப்புக்கு அவன் பாஷையில் என்ன சொல்லோ.
என் பாஷையில் இருந்த சொல்லும்
அன்றைக்கு வாய்வரை வரவில்லை.
பிளாஸ்க் மூடியில் கட்டஞ்சாயா ஊற்றிக் கொடுத்தேன்.
ஊதி ஊதிக் குடித்தான்.
மூடியைச் சட்டையில் துடைத்துத் தந்தான்.
அவன் பிள்ளை ஐந்தாவது படிக்கிறாள் என்று
அதற்கப்புறம் ஒரு மாதம் கழித்துத்தான் கேட்டேன்.

இப்போது ஆறு மாதம்.
யார் வந்து பார்த்தாலும் வெறும் ரப்பர் மரம்தான்.
எனக்கு மட்டும்
ஒவ்வொன்றிலும் பட்டை தடுமாறுகிற இடம் தெரியும்.
அதற்கு மேலே பழைய கத்தி.
அதற்குக் கீழே ஒரு விரற்கடைக்குக் காயமும் முடிச்சும்.
இன்னும் கீழே கோடு
ஏறக்குறைய நேர்.

நூற்றிப் பதினேழைத் தாண்டும்போது
கால் தானாக மெதுவாகிறது,
இலைக்குள் பார்த்தபடிதான் இன்னமும் நடக்கிறேன்.
அங்கிருந்து கடைசி மரம் வரைக்கும்
கோடு ஒரு வெட்டு மேலே நிற்கிறது,
ஒரு நூல் கனம்,
அந்தச் செவ்வாய்க்கிழமையின் அளவு.