திருகோணமலையில் கடைசிச் சுற்று

உட்துறைமுக வீதி, நௌசாத்தின் போன் கடை.
நள்ளிரவு தாண்டி ஆறு பேர், ஒரு திரை.
"சத்தமில்லாத காருக்கு என்ன ரேஸ்?"
கச்சான் உடைக்கிற துவாரகன்
பத்தாந்தரம் கேட்கிறான்;
எழும்பிப் போகத்தான் மாட்டான்.

எங்கட பச்சைக் கார்தான் முன்னால்.
பற்றறி இரண்டு வீதம்.
ஜெசிந்தா பிரேக் பிடிக்கிறாள்
வெறுங்காலால், சீமெந்துத் தரையில்.

கடைசி வளைவில் அது
சும்மா நின்றது.
புகையில்லை, மோதலில்லை.
பின்னால் வந்ததெல்லாம் ஒதுங்கிப் போயின.

நௌசாத் வாய் திறக்கவில்லை.
திருத்த வந்த போன்களின் சார்ஜர்களை
ஒவ்வொன்றாய்க் கழற்றினான்,
திரும்பச் செருகினான்.

வெளியே மூன்று மான்கள்
காலடி கேளாமல் வீதி கடந்தன.
அதுகள் போகுமட்டும்
துவாரகன் ஓட்டோவை ஸ்டார்ட் பண்ணவில்லை.

பிறகு, என்னைப் பாராமல்:
"அப்ப நாங்கள் எத்தினையாம் இடம்?"