அளவுக்கு மீறிய எடை

இருபத்து நாலு பிராங்க்.
வாசலுக்கு இடப்பக்கக் கொக்கிகளில்
நாற்பது சீலைப் பைகள்.
ஒவ்வொன்றிலும் விரித்த கை ஒன்று,
அதன் கீழே கறுப்பெழுத்தில், ஜெர்மனில் ஒரு வாக்கு:
நான் கலைஞர்களைத் தாங்குகிறேன்.

மழை நாளில் நன்றாக விற்கும்.
குடை இல்லாமல் பாசலுக்கு வந்தவர்கள்
ஈரத்தை எங்கள் தரையில் விட்டுவிட்டு
கொஞ்சம் மனச்சாட்சி வாங்கிப் போவார்கள்.
குறையாகச் சொல்லவில்லை.
என் சம்பளமும் அதற்குள்தான் இருக்கிறது.

பெட்டி பிரிப்பது என் வேலை.
போன மாதம் ஒரு பெட்டியின் உள்மடிப்பில்
பென்சிலால், தமிழில்:
எண்பது. சரி. கோமளா.
திருப்பூராக இருக்கும், கரூராகவும் இருக்கலாம்.
எண்ணிப் பார்த்தேன்.
எண்பதுதான்.
அந்த அட்டையை மட்டும் மடித்துக் குப்பைக்குப் போடாமல்
என் அலுமாரிக்குள் வைத்தேன்.
ஏனென்று யாரும் கேட்கவில்லை.

வியாழக்கிழமை, கடை பூட்ட இருபது நிமிடம்.
உர்சினா காதெர்லி வந்தாள்.
பையில் இருக்கும் கை அவள் வரைந்தது.
அவளுடைய இடக்கைதான் அது,
வலக்கைக்கு அப்போது வேலை இருந்ததே.
இன்று இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு வந்தாள்,
பிடி அறுந்த பையொன்றை.

எதைக் காவினீர்கள் என்று கேட்டேன்.
லினோலியத் துண்டுகள், மை டப்பா இரண்டு,
உருளைக்கிழங்கு,
வீட்டுக்காரரின் கடிதம்.
கடைசியாகச் சொன்னதற்கு எடை இல்லை என்றாள்.

ரசீது இருக்கிறதா என்றான் மேலாளன் பேயாட்.
இருந்தது. இருபத்து நாலு. கழிவு இல்லை.
வரைந்ததற்கு ஒரே தரம் கொடுத்தார்கள்,
பன்னிரண்டு பையின் விலை என்று
கோபமே இல்லாமல் சொன்னாள்,
வழி கேட்டவருக்கு பஸ் இலக்கம் சொல்வதுபோல.

படிவத்தில் மூன்று கட்டம்:
தையல் பிழை.
சாயப் பிழை.
அளவுக்கு மீறிய எடை.
மூன்றாவதுக்குப் புள்ளடி போடு என்றான் பேயாட்.
மூன்றாவதுக்குக் காசு திரும்பாது.
போட்டேன்.

எவ்வளவு தாங்குமென்று
பையிலேயே எழுதியிருக்கலாமே என்றாள்.
பேயாட் சிரித்தான். கெட்டவன் இல்லை.
சிரிப்பதற்கு மட்டும் மேலிடத்துக் கையெழுத்து தேவையில்லை.

பையை மேசையில் விட்டுவிட்டு
சாமான்களைக் கோட்டுப் பைகளில் திணித்துக்கொண்டு போனாள்.
ஒரு உருளைக்கிழங்கு கதவடியில் விழுந்தது.
எடுத்துக் கொடுக்க ஓடினேன்,
அதற்குள் டிராம் புறப்பட்டுவிட்டது.

நான் பிறந்த ஊரில் சுமப்பதைக் காவுவது என்போம்.
கடல் தாண்டிச் சொன்னால் காவு பலி.
தாங்கு என்ற சொல்லில் காலை எடுத்தால் தங்கு.
அந்தக் காலில்லாத சொல்லுக்காக
பதினொரு வருடம் கந்தோர் கந்தோராக நின்றிருக்கிறேன்.
அவளிடம் இதைச் சொல்லலாம் என்று நினைத்தேன்.
ஜெர்மனில் சொன்னால்
ஒரு காலும் விழாது, ஒரு பலியும் வராது.

திருப்பித் தந்த பொருள் குப்பைக்குப் போகவேண்டும், அது விதி.
நான் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.
விளக்கடியில் பார்த்தால்
அறுந்த இடத்தில் பழைய தையலின் ஓட்டைகள்
எறும்பு வரிசைபோல, நெருக்கமாக, நேராக.
கோமளாவோ, பக்கத்து மெஷினில் இருந்தவளோ,
அவளில் பிழையில்லை.
அதே ஓட்டைகளுக்குள் ஊசியை விட்டேன்,
நைலோன் நூல், நாலு மடிப்பு.

பிறகு சோதிக்க வேண்டுமே.
பத்துக் கிலோ அரிசி மூட்டையை உள்ளே வைத்து
அறைக் கதவின் பிடியில் தொங்கவிட்டுப் படுத்தேன்.

விடிய எழும்பிப் பார்க்க
கதவின் பிடி கழன்று நிலத்தில் கிடந்தது.
பக்கத்தில் பை,
ஒரு மணி சிந்தாமல், நிமிர்ந்து இருந்தது.

இனி நானும் வீட்டுக்காரருக்கு
ஒரு கடிதம் எழுதவேண்டும்.
அங்கேயும் கேட்பார்கள், காரணம் என்னவென்று.